ஒரு முறை மட்டும் பாடும் பாட்டு

துரை அவர்களுக்கு,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டில் போர்வை தேடும்போது உங்கள் சுதிக்கவை கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சுதி பிடிக்கத் தட்டுகிற, இரண்டு கால் முளைத்த அந்தச் சின்ன இரும்பு ஒரு கணம் ஒலித்து அடங்கியது. குனிந்து அதை எடுக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. எடுத்து நிமிர்ந்த பிறகும் என் வாய் அந்தச் சுரத்தை விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. ஆபீசில் அதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள், இப்போதும் சிரித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவை இவை:

1. நீங்கள் பேசிய தமிழ்.
2. உங்கள் ஊரில் கிறிஸ்மஸ் விடியலில் பாடும் முறை.
3. மண்டோரும் நானும் உங்களோடு சேர்ந்து பாடப் பழகியது.
4. உங்கள் வீட்டுப் பாட்டு அன்று பாடப்படாமலே போனது.
5. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது.

இந்த வரிசை சரிதானா என்று இரண்டு முறை யோசித்தேன். சரி என்றுதான் படுகிறது. ஆனால் என் கணக்குகளை நானே நம்புவது எனக்கு எப்போதும் கடினம்.

நீங்கள் சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தவர். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்ததால் டாக்டர் தோட்டத்தை விடச் சொல்ல, படகேறிப் பினாங்குக்கு வந்து எங்கள் கப்பல் ஆபீசில் கிட்டங்கிகளுக்குப் பொறுப்பானீர்கள். வந்த முதல் நாள் கணக்கெழுதும் கிராணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த மேசைகளுக்கு முன்னால் நின்று, "எவன்டா இங்க பெரிய கிராணி?" என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரர் வாயிலிருந்து தமிழ் வந்தது எங்களுக்கு அதிர்ச்சி. அந்தத் தமிழ் இப்படி வந்தது அதைவிட அதிர்ச்சி. ஏதோ பெரிய தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். நீங்களோ முகமெல்லாம் சிரிப்பாகக் கைகுலுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பால்வெட்டுகிறவர்களிடமும் கங்காணிகளிடமும் கற்ற தமிழ் அது. எங்கள் கோயில் பிரெஞ்சுச் சாமியார் எங்களுக்காகவே தமிழ் படித்தவர். அவரைப் பினாங்கு ரோட்டில் பார்த்து, "என்னா சாமி, நீ கஞ்சி குடிச்சியா?" என்று நீங்கள் விசாரித்ததை அவர் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உங்களைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. ஒரு தாளில் ஒருபக்கம் 'நீ' என்றும் மறுபக்கம் 'நீங்கள்' என்றும் எழுதி, யார் யாருக்கு எது என்று கீழே குறித்து, உங்கள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் கூப்பிட்டீர்கள்.

"எங்க பாஷையிலயும் இந்த ரெண்டும் இருக்கு தம்பி," என்றீர்கள். "ஆனா இங்க எனக்கு ஒரே ஒரு நாக்குதான் பழகியிருக்கு. உனக்கு வருத்தமா?"

வருத்தமில்லை என்றேன். அதற்குப் பிறகு சாமியாருக்கு மட்டும் 'நீங்க' என்றீர்கள். எனக்குக் கடைசிவரை 'நீ'தான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை நான் சொல்லவேயில்லை.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக எழுதவரும். ஆனாலும் நாம் இருவரும் தனியாக இருக்கையில் நீங்கள் தமிழிலேயே பேசினீர்கள். காரணம் கேட்டபோது, "இங்கிலீஷு எனக்கும் ஆபீஸ் சட்டைதான். ஊட்டுக்குப் போனா கழட்டிப்புடுவேன்," என்றீர்கள். கழற்றிய பிறகு உடுத்த உங்களுக்கு இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பினாங்கில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். வேல்ஸ் நாட்டு மலைப்புறத்து ஆட்டுக்காரர் வீட்டுப் பாஷையைப் பேச ஒருவரும் இல்லை. இப்போது எனக்கு அது விளங்குகிறது. பக்கத்து வீடுகளில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். காப்பிக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டேயிருக்கிறது. என்னோடு பழைய பேச்சைப் பேசத்தான் ஆளில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் உங்கள் தகப்பனார் இறந்த செய்தி வந்தது. நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். நான் நின்றுகொண்டேயிருந்தேன். உட்காரச் சொன்னீர்கள். எங்களில் துக்கம் கேட்கப் போனால் சொல்லுவதற்கென்று சில வார்த்தைகள் உண்டு. அவற்றை ஒரு துரையிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே நீங்கள் பேசத் தொடங்கிவிட்டீர்கள். அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. கிறிஸ்மசைப் பற்றிப் பேசினீர்கள்.

உங்கள் பள்ளத்தாக்கில் கிறிஸ்மசை ஒட்டிய ஒரு நாள், சேவல் கூவும் நேரத்தில், மெழுகுவத்தி ஏற்றிய கோயிலில் எல்லோரும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் பிளகைன். இப்படித்தான் என் காதில் விழுந்தது. முதலில் சின்ன ஜெபம். பிறகு பாட்டு. வாத்தியம் கிடையாது. யார் பாடுவார் என்று அறிவிப்பது கிடையாது. ஒரு வீட்டு ஆட்கள் தாமாகவே எழுந்து முன்னால் போய், தலைகள் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருங்கி வட்டமாக நிற்பார்கள். ஒருவர் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துச் சுதி பிடிப்பார். பாடுவார்கள். முடிந்ததும் திரும்பிப் போய் உட்காருவார்கள். கைதட்ட மாட்டார்கள். அந்த அமைதிக்குள்ளிருந்து இன்னொரு வீடு எழும்.

"யாரு மொதல்ல பாடணும்னு எப்படித் தெரியும், துரை?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"யாராச்சும் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிட மாட்டான். எந்திரிச்சுப் போவணும்."

"யாருமே எந்திரிக்கலைன்னா?"

"சும்மா உக்காந்திருப்போம். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

பெயர்களை முன்கூட்டியே வாங்கி வரிசை எழுதி வைத்துவிட்டால் குழப்பம் இருக்காதே என்றேன். துக்கத்தோடு இருந்த நீங்கள் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தீர்கள்.

விதிகள் அதோடு முடியவில்லை. நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு காலையில் ஒரு பாட்டை ஒரு முறைதான் பாடலாம். முன்னால் போன ஒருவர் பாடிவிட்டால் பின்னால் வருகிறவர் அதைத் தொடக்கூடாது. வேறு பாட்டு இருந்தால் பாடலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது சண்டையாகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தப் பாட்டு உண்டு. அதை அடுத்த வீட்டுக்காரர் பாட மாட்டார். கடைசியாக, அன்று பாடிய வீட்டார் எல்லோரும் சேர்ந்து முன்னால் போய் ஒரு பொதுப் பாட்டுப் பாடிக் கூட்டத்தை முடிப்பார்கள். தன் வீட்டுப் பாட்டு பாடப்படாதவர் அதற்கு எழக்கூடாது. ஒரு வருஷம் உங்கள் அப்பாவுக்குச் சளி பிடித்துக் குரல் கட்டியதால் உங்கள் வீடு பாடவில்லை. கடைசிப் பாட்டுக்குக் கோயிலில் பாதிப் பேர் எழுந்து போக, அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. இதைச் சொல்லும்போது நீங்களும் உங்கள் தொப்பியை மடியில் வைத்திருந்தீர்கள்.

வேறு பாட்டுகளையும் அன்று சொன்னீர்கள். யாழ் போன்ற பெரிய நரம்பு வாத்தியம் ஒரு மெட்டைத் தொடங்கிப் போகும். பாடுகிறவர் சற்று நேரம் காத்திருந்து, வேறொரு மெட்டில் கவி சொல்லிக்கொண்டு நடுவில் புகுவார். இரண்டும் வேறு வேறு வழியில் போய் ஒரே இடத்தில் முடிய வேண்டும். தெற்கே சில ஊர்களில் குதிரை மண்டையோட்டுக்கு வெள்ளைத் துணி போர்த்தி வீட்டுக்கு வீடு கொண்டுபோய், வாசலில் நின்று பாட்டாலேயே வம்பிழுப்பார்கள். உள்ளே இருப்பவர் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். தோற்றால் கதவைத் திறந்து விருந்து வைக்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது வேறு.

உங்கள் வீட்டுப் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும். அப்பா ஒன்று, அண்ணன் ஒன்று, நீங்கள் ஒன்று. அண்ணன் சயரோகத்தில் முன்பே போய்விட்டார். இப்போது அப்பாவும் இல்லை. அந்தப் பாட்டுத் தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

"ஒருத்தன் பாடினா அது பாட்டு இல்ல தம்பி," என்றீர்கள். "ஒரே ஒரு தடவ, மூணு குரலா, கிறிஸ்மஸ் காலையில பாடிப்புடணும். அப்புறம் போனாப் போவட்டும்."

அடுத்தவர் பாடக்கூடாத பாட்டாயிற்றே என்று நான் கேட்டேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீ அடுத்தவனா?" என்றீர்கள்.

இப்படித்தான் நான் மேல்குரலானேன். கோயில் பாடகர் கூட்டத்தில் பின்வரிசையில் மறைந்து நின்று பாடியவன் நான்; என் குரல் தனியாகக் கேட்டால் எனக்கே பயம். கீழ்க்குரலுக்கு மரியசூசை மண்டோர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குத் தலைவர். அவர் படகுத்துறை ஜெட்டியில் நின்று ஒரு சத்தம் போட்டால் நடுக்கடலில் தோங்காங் படகுகள் திரும்பிப் பார்க்கும். காகிதமே வேண்டாம் என்றார். நீங்கள் ஒரு முறை பாடிக்காட்டினால் அதைத் திருப்பிப் பாடிவிடுவார். நான் என் பங்கைத் தமிழ் எழுத்தில் சுரம் சுரமாக எழுதிக்கொண்டும் தவறினேன்.

பழகியதெல்லாம் எங்கள் வீட்டில்தான். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் அந்தச் சந்தில், ஆபீஸ் விட்டு வந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில் பாடுவோம். சன்னலுக்கு நேரே பொதுக் குழாய். அந்த நேரத்துக்குத்தான் சந்துப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வருவார்கள். அதை நாம் யாரும் பொருட்படுத்தவில்லை.

"என்னா கிராணி, நீங்க மேல பறக்குறீங்க, நான் கீழ கெடந்து உறுமுறேன்," என்பார் மண்டோர். "துரைக்கு மட்டும் பாட்டு மாதிரி ஒரு பாட்டு. இது என்னா நியாயம் லா?"

அவர் சொன்னது உண்மை. மெட்டு உங்களுடையது. எங்கள் இருவருடைய பங்கும் தனியாகக் கேட்டால் பாட்டாகவே இராது. என் மனைவி ஞானம்மாள் அடுக்களையிலிருந்து, "மூணு பேரும் மூணு பக்கம் போறீங்க. எப்படியோ கடைசியில ஒரே வாசல்ல வந்து நிக்கிறீங்க," என்பாள். நீங்கள் போன பிறகு என்னைப் பார்த்து, "கூப்பிட்டாத்தான் சாப்பிடவே வருவீங்க. கூப்பிடாம எந்திரிச்சுப் போய்ப் பாடப்போறீங்களா?" என்று கேட்பாள். எனக்கும் அதே கேள்விதான். இரவில் படுத்துக்கொண்டு, எழுவது எப்படி என்று யோசிப்பேன். எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் அது சரியாக அமைந்தது. மூன்று குரலும் கடைசிச் சுரத்தில் வந்து நின்றபோது மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் மெல்ல அதிர்ந்தது. நீங்கள் எழுந்து சன்னலருகே போய் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள்.

சாமியாரிடம் நீங்களே போய்க் கேட்டீர்கள். நீங்கள் எங்கள் சபை அல்ல. கோயிலுக்குள் வேண்டாம், நடுச்சாமப் பூசைக்கும் விடியற்பூசைக்கும் இடையில் ஞானோபதேசக் கொட்டகையில் பாடிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். எப்படியும் சனங்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு செய்தி பரவியது. எழுந்து பாடலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள், கைதட்டக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. மற்ற விதிகள் நம் மூவரோடு நின்றுவிட்டன.

அந்தக் காலையில் காற்றே இல்லை. அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் மெழுகுவத்திகள் ஆடாமல் எரிந்தன. நீங்கள் உங்கள் ஊர்க் கம்பளிக் கோட்டைப் போட்டு வந்திருந்தீர்கள். இதற்குக் கோட்டுப் போட்டாக வேண்டும் என்றீர்கள். கழுத்தில் வியர்வை ஓடியது. பழக்கதோஷத்தால் எங்கள் உபதேசியார் எழுந்து, "இப்பொழுது" என்று ஆரம்பித்தார். நீங்கள் தலையசைத்ததும் உட்கார்ந்துவிட்டார். பிறகு அமைதி. எங்கள் ஆட்களுக்கு அது புதிது. ஒருவர் இருமினார். ஒரு குழந்தை சிணுங்கியது. கடைசியில் தையற்காரக் கிழவர் ஒருவர் எழுந்துபோய், மாதாவைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை நடுங்கும் குரலில் பாடிவிட்டு வந்தார். கைதட்டத் தூக்கிய கைகளை எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு அக்கா தங்கை இருவர் பாடினார்கள். மறுபடியும் அமைதி.

உங்கள் கை கோட்டுப் பைக்குள் போனது. கவையை எடுத்தீர்கள். மண்டோர் தொண்டையைச் செருமினார். நான் வலது காலை முதலில் ஊன்றிக்கொண்டேன். நீங்கள் கவையை முழங்காலில் தட்டப்போன அதே நேரத்தில் பெண்கள் பக்கத்தில் சேலைகள் சரசரத்தன.

எழுந்தவள் ஞானம்மாள். அவளுக்குப் பின்னால் குழாயடிப் பெண்கள். யாரையும் பார்க்காமல் முன்னால் போனார்கள். தலைகள் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருங்கி வட்டமாக நின்றார்கள். இதை எங்கே கற்றார்கள் என்று நான் வியந்துகொண்டிருந்தபோதே ஒருத்தி சுதி பிடித்தாள். பாட ஆரம்பித்தார்கள். உங்கள் மெட்டு. உங்கள் அப்பாவின் மெட்டு. சொற்கள் மட்டும் தமிழ்.

"கடலைக் கடந்து வந்தவர் நாங்கள்,
கதவைத் திறந்துவா, பாலகனே."

மற்ற அடிகள் எனக்கு இப்போது முழுதாக நினைவில்லை. எட்டடியோ பத்தடியோ பாடினார்கள். ஞானம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. நான் உங்களைப் பார்க்கத் துணியவில்லை. கவை பிடித்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழங்காலுக்குச் சற்று மேலே அப்படியே நின்றது. அவர்கள் பாடி முடித்துத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை அசைந்தது. கவை கோட்டுப் பைக்குள் போயிற்று.

நான் உங்கள் காதருகே குனிந்து, "அவங்களுக்கு விதி தெரியாது துரை. நாம பாடிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றேன். என் வாழ்க்கையில் நானாக ஒருவரை எழச் சொன்னது அது ஒன்றுதான்.

"வேணாம் தம்பி. ஒரு பாட்டு ஒரு தடவதான்," என்றீர்கள். உங்கள் முகம் நனைந்திருந்தது. வியர்வையா என்று கேட்க முடியவில்லை.

பிறகு இன்னும் சிலர் பாடினார்கள். விடியும் சமயத்தில் சாமியார் வந்து, எல்லோருக்கும் தெரிந்த லத்தீன் பாட்டு ஒன்றால் முடிக்கலாம் என்றார். பாடியவர்கள் எழுந்து முன்னால் போனார்கள். நீங்களும் எழுந்தீர்கள். எழுந்ததோடு விடவில்லை, மண்டோரின் தோளைத் தட்டி, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள். வாயே திறக்காத நாங்கள் இருவரும் உங்கள் பின்னால் போய்ப் பெண்களுக்கும் தையற்காரக் கிழவருக்கும் நடுவில் நின்றோம். உங்களுக்கு லத்தீன் தெரியாது. கீழ்ச்சுரங்களை மட்டும் வாய்க்குள் பாடினீர்கள். மனம் உடைந்த மனிதர் தம் ஊர் விதியையும் விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

பூசை முடிந்து எங்கள் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறியும். நீங்கள் கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். ஞானம்மாள் பரிமாற வந்தபோது, "மூணாவது அடியில நீங்க மேல போனீங்க. எங்க அப்பன் கீழ போவான்," என்றீர்கள். அவளை 'நீங்க' என்றது எனக்கு வினோதமாக இருந்தது.

"கீழ போனா மழைக்கு ஒதுங்கின மாதிரி இருந்துச்சு, தொரை. அதான் மேல போனோம்," என்றாள் அவள்.

நீங்கள் ஆப்பத்தைப் பிய்த்தபடியே கொஞ்ச நேரம் மெட்டை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தீர்கள். "எங்க அப்பன்தான் தப்பாப் பாடியிருக்கான்," என்றீர்கள். மண்டோர் புரைக்கேறும்வரை சிரித்தார். விருந்துக்கு வந்த இடத்தில் வெள்ளைக்காரர் காட்டும் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஞானம்மாளிடம் விதியைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பஜனையில் ஒரு பக்கம் பாடியதை மறுபக்கம் திருப்பிப் பாடுவதுதானே மரியாதை என்றாள். பெண்கள் முதலில் பாட, பிறகு நாம் மூவரும் பாடுவோம், ஊரே சேர்ந்து பாடினதுபோல் இருக்கும் என்று எண்ணித்தான் மார்கழி பிறப்பதற்கு முன்னிருந்தே குழாயடியில் பழகினார்களாம். மூன்றே பேராகத் துரை நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். அதனால் பாட்டே போயிற்று என்றேன்.

"தொரைக்குப் பிடிச்சிருந்துச்சு. உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் சட்டம்," என்று சொல்லிவிட்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள். அவள் எதையும் இலேசாக எடுத்துக்கொள்கிறவள். நான் அதை அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் மழை தொடங்குமுன்பே உங்களுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது தலையணையின் கீழிருந்து கவையை எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். "இந்த வருஷமும் பொம்பளைங்க பாடுவாங்களா?" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் என்னைச் சற்று நேரம் பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நீ நல்ல கிராணி தம்பி," என்றீர்கள். நான் அதைப் பாராட்டு என்று எண்ணி வீடுவரை சுமந்து வந்தேன்.

உங்களை வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஆபீசிலிருந்து சில துரைமார் வந்தார்கள். பாதிரியார் வாசித்தார். யாரும் பாடவில்லை. மண்டோரும் நானும் மரத்தடியில் தள்ளி நின்றோம். "நாம ரெண்டு பேரும் பாடலாமா கிராணி?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். நடுக்குரல் இல்லாமல் என்னத்தைப் பாடுவது என்றேன். அவரும் தலையாட்டினார். மண் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த கிறிஸ்மசுக்குக் கொட்டகையில் யாரும் கூடவில்லை. மண்டோர் சில வருஷத்தில் பிள்ளைகளோடு கப்பலேறி ஊருக்குப் போனார். பிறகு ஒரு தகவலும் இல்லை. குழாயடிப் பெண்கள் ஒவ்வொருவராகப் பட்டர்வொர்த், ஈப்போ என்று பிரிந்து போனார்கள். போன வருஷம் ஞானம்மாளும் போய்விட்டாள். மகள் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாள். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது என் பங்கான மேல்குரல். ஒரு சுரம்கூட மறக்கவில்லை. குளிக்கும்போதும் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும் அது தானாக வருகிறது. அதைக் கேட்கிறவர் யாரும் பாட்டு என்று சொல்ல மாட்டார். கிழவன் ஏதோ முனகுகிறான் என்பார்கள். பாடப்படாத ஒரு பாட்டின் மூன்றில் ஒரு பங்கைத்தான் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன்.

இதுவரை எழுதியதை வரிசை சரியா என்று பார்க்கத் திரும்பப் படித்தேன், துரை. ஓரிடத்தில் கணக்கு ஒத்துவரவில்லை. அன்று பாடிய வீட்டார்தான் கடைசிப் பாட்டுக்கு எழலாம். தம் பாட்டு பாடப்படாத வருஷம் உங்கள் அப்பா கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. அவர் பிள்ளை நீங்கள். 'ஒரு பாட்டு ஒரு தடவ' என்று சொல்லிக் கவையைப் பையில் போட்டவர், சற்று நேரத்தில் விதியை விட்டுவிடுகிறவர் அல்ல. நீங்கள் எழுந்தீர்கள். எங்களையும் எழுப்பி முன்னால் கூட்டிப் போனீர்கள். பாடாத வீட்டார் அங்கே நிற்க முடியாது.

ஆகவே நான்காவது குறிப்பு பிழை. அதை அடித்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பாட்டு அன்று பாடப்பட்டது, துரை. நானும் அதைக் கேட்டேன்.